மலை பார்த்த கோழிக்கூடு

அந்த வருஷம் ஆவணியில் எங்கள் வீட்டில் இரண்டு பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்று என் நாத்தனாருக்கு. இன்னொன்று என் கோழிக்கு. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று என் மாமியார் ஆடி மாதமே சொல்லிவிட்டார்.

“பச்சக் கொழந்த வர்ற வூட்ல கோழி எச்சம் கெடக்கக் கூடாது. எம்பொண்ணு ஆஸ்பத்திரிலேருந்து வர்றதுக்குள்ள அதுங்களுக்கு வேற எடம் பாரு. இல்லன்னா செவ்வாக்கெழம பாய் வருவாரு, புடிச்சிக் குடுத்துடு” என்றார்.

பாய் என்பது செவ்வாய்தோறும் சைக்கிளின் இரண்டு பக்கமும் கூடை கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து கோழி வாங்கிப் போகிறவர். நல்ல மனிதர். ஆனால் அவர் மணியடித்தாலே என் கோழிகள் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

மாமியார் சொன்னது நியாயம்தான். இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அன்று வைத்த குழம்பில் உப்பே போடவில்லை. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திமூன்று வயது. கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஒரு புள்ளிக்கோழியைக் காலைக் கட்டி ஒயர் கூடையில் வைத்துக் கொடுத்து அனுப்பினாள். பஸ்ஸில் அது என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. சீராக வந்த பித்தளையும் பாயும் தலையணையும் வீட்டுப் பொருளோடு கலந்து வீட்டுப் பொருளாகவே ஆகிவிட்டன. அந்த வீட்டில் ‘இது என்னுடையது’ என்று நான் கை நீட்டிச் சொல்லக்கூடியதாக மிச்சம் இருந்தது அந்தக் கோழியும் அதன் வழியில் வந்த இரண்டு பெட்டையும் ஒரு சேவலும்தான். அவற்றைப் பாயிடம் கொடுப்பது என்றால் என்னையே பாதி கூடையில் போட்டு அனுப்புகிற மாதிரி.

அதுவரை அவை சமையலறைக்குப் பின்னாலிருந்த தாழ்வாரத்தில் தூங்கின. பொழுது சாய்ந்ததும் மூங்கில் கூடையைக் கவிழ்த்து மேலே அம்மிக்கல்லை வைத்துவிடுவேன். பகலில்தான் தொல்லை. கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு கல் குவியல். அதில் ஒரு கீரி குடியிருந்தது. பூனை ராத்திரியில் வரும், கீரி பட்டப்பகலில் வரும். முந்தின ஈட்டுக் குஞ்சுகளில் ஒன்றைக்கூட அது விட்டு வைக்கவில்லை. இப்போது புள்ளிக்கோழி பதினோரு முட்டைமேல் அடை உட்கார்ந்திருந்தது.

ஆகவே தனியாக ஒரு கூடு வேண்டும். எச்சம் வீட்டுக்குள் வரக்கூடாது, கீரி கூட்டுக்குள் போகக்கூடாது. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் எழுத்து வேலை பார்த்தார். பேனா பிடித்த கை. ஆணி அடித்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின்மேலும் அடி விழும். அதனால் முதலில் தெருமுனை ஆசாரியிடம் போனேன். அவர் அப்போது ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஒருத்தர் கட்டிக்கொண்டிருந்த அறைகளுக்குக் கதவு செய்துகொண்டிருந்தார்.

“கோழிக்கு வூடா?” என்று இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கெரகப்பிரவேசத்துக்குச் சொல்லு, வந்து ஒருவேள சாப்ட்டுப் போறேன்.”

அந்தச் சிரிப்புக்கு அவருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டும். அது மட்டும் இல்லையென்றால் நான் சுத்தியலைத் தொட்டிருக்கமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானே கட்டுகிறேன் என்று அறிவித்தேன். மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர், “கைய நசுக்கிகினு வந்து எங்கிட்ட நிக்காத” என்று மட்டும் சொன்னார்.

மார்க்கெட்டில் பழம் வந்திறங்கும் பலகைப் பெட்டிகளைப் பிரித்து என் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். ஆபீஸ்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சந்து சந்தாகச் சுற்றி வந்திருந்தார். பெட்டியில் இருந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கி, அம்மிமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். எண்ணெய் டின்கள் நாலை வெட்டி விரித்துக் கூரைக்குத் தகடு ஆக்கினேன். கால்களுக்குச் சவுக்குக் கழி, முட்டி உயரத்துக்கு. மண்ணில் உட்கார்ந்த கூடு என்றால் கீரி அடியில் தோண்டிக்கொண்டு வந்துவிடும். கதவுக்குச் சட்டம் அடித்துக் கம்பி வலை. கீல் வாங்கவில்லை, பழைய சைக்கிள் டயரைப் பட்டையாக அறுத்து இரண்டு இடத்தில் அடித்தேன், அதுபாட்டுக்கு மடங்கி நிமிர்ந்தது. தாழ்ப்பாளுக்கு ஒற்றை ஆணியில் சுற்றுகிற ஒரு மரத்துண்டு.

இதில் ஒரு கூத்து நடந்தது. கூரைக் கட்டைகளை மரக்கடையில் அறுத்துக்கொண்டு வரச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் மூன்று முழம் என்று அளவு கொடுத்திருந்தேன். என் முழத்துக்கு மூன்று. அவர் தன் கையால் அளந்து அறுத்து வந்தார். கூட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. “முழம்னா முழந்தான், என் கையி உன் கையின்னு தனியா இருக்குதா?” என்று அவர் வாதாடினார். அறுக்கிறதற்குச் சோம்பலாக இருந்ததால் அப்படியே விட்டு ஆணி அடித்தேன். முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் சரிவு வைத்தேன். மழைத்தண்ணீர் பின்னால் வடிந்துவிடும் என்று கணக்கு.

நாலு நாள் வேலை. கட்டை விரல் இரண்டு தடவை நசுங்கியது. மாமியாரிடம் போய் நிற்கவில்லை. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே அடித்தேன்.

நாலாம் நாள் மாமியார் எழுந்து வந்து கூட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. ஏதாவது குறை சொல்லாமல் போகமாட்டார் என்று நான் காத்திருந்தேன்.

“வாசல மலையப் பாத்து வெய்யி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது பாராட்டு மாதிரி இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் ஊரில் படுத்தால் மலைப்பக்கம் கால் நீட்டமாட்டார்கள். காலையில் பல் தேய்த்ததும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. சந்தில் திரும்பும்போது மலை தெரிந்தால் செருப்பை விட்டு நிற்கிறவர்கள் உண்டு. அப்படி இருக்க, புதிதாகக் கட்டுகிற ஒரு கூட்டின் வாசல் அண்ணாமலையாரைப் பார்க்கட்டும் என்று ஒருத்தர் சொன்னால், வேண்டாம் என்று யாருக்குத் தோன்றும்? எங்கள் வீட்டுக்கு மலை மேற்கே. கதவை மேற்கே பார்த்து நிறுத்தினேன். சுவரில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். மாமியார் முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை குஞ்சு பொரித்தது. பதினொன்றில் ஒன்பது. தாயையும் குஞ்சுகளையும் மற்ற கோழிகளையும் கூட்டில் விட்டேன். உமிச் சாம்பல் தூவிய தரையில் மஞ்சளும் கறுப்புமாக ஓடின. சனிக்கிழமை பெரியாஸ்பத்திரியில் நாத்தனாருக்குப் பெண் குழந்தை. சுகப் பிரசவம், புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று நர்ஸம்மா சொன்னார். தாழ்வாரத்தைச் சாணம் போட்டு மெழுகிவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிறு சாயந்தரம் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறியது. ஆவணி மழை எங்கள் ஊருக்கு அந்தப் பக்கமிருந்துதான் வரும், எல்லோருக்கும் தெரியும். துணி எடுக்கக்கூட நேரம் கொடுக்காமல் காற்றோடு சேர்ந்து சாய்வாக அடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். நனைந்து ஓடி வந்து பார்த்தால் கூட்டின் உயரமான முகம் முழுக்க மழைக்கு எதிரே. கம்பி வலை வழியாக வாளியில் மொண்டு ஊற்றின மாதிரி உள்ளே தண்ணீர். சாம்பல் சேறாகிவிட்டது. புள்ளிக்கோழி இறக்கையை விரித்து ஏழு குஞ்சுகளை மூடிக்கொண்டு நடுங்கியது. இரண்டு குஞ்சுகள் கதவோரம் செத்துக் கிடந்தன.

நான் மழையிலேயே உட்கார்ந்து அழுதேன். குஞ்சுகளுக்காக அழுதேன், என் வீம்புக்காக அழுதேன், ஆசாரியின் சிரிப்பு காதில் கேட்டதற்காகவும் அழுதேன். மாமியார் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

“போதும் வுடு” என்றார். “உன்னால ஆனது செஞ்சிட்ட. செவ்வாக்கெழம குடுத்துடலாம்.”

திங்கட்கிழமை காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் கூட்டை வந்து பார்த்தேன். கழற்றிப் போடத்தான் போனேன். ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தேன். கூரையில் ஒரு சொட்டு ஒழுகியிருக்கவில்லை. பின்பக்கச் சுவர் உள்ளே காய்ந்து கிடந்தது. பக்கச் சுவர்களில் ஈரம் கதவிலிருந்து பாதி தூரம் வரைக்கும் சாய்வாகக் கோடு கிழித்தாற்போல் ஏறி இறங்கியிருந்தது. தண்ணீர் வந்தது கதவு வழியாக மட்டும்தான்.

எனக்குச் சுரீரென்று உறைத்தது. வேலையில் தப்பே இல்லை! பக்திதான் காலை வாரிவிட்டது. நிற்கிற திசையை மாற்றிவிட்டால் தாழ்வான முதுகும், என் வீட்டுக்காரர் கை நீளத்தால் தவறிப்போய் வந்த அந்த ஒரு சாண் கூரையும் மழைக்கு எதிரே வரும். கதவு சமையலறை வாசலைப் பார்க்கும். ஆனால் கூட்டின் முதுகு மலையைப் பார்க்கும். அங்கேதான் சிக்கல்.

மாமியார் திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“மலைக்கு முதுகக் காட்டி வெக்கறதா? இந்தத் தெருவுல எவளாவது அப்படி வெச்சிருக்காளா? நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? பச்சக் கொழந்த வர்ற நேரம்.”

“அத்த, கோழி வாசலப் பாத்து ஒக்காந்தா வாலு எந்தப் பக்கம் இருக்கும்? இல்ல, மலையப் பாத்து ஒக்காந்துச்சின்னே வெச்சிக்குவோம். திரும்பி நின்னு எச்சம் போடறப்ப?”

“வாய மூடு” என்றார். ஆனால் சிரிப்பை அடக்குவது உதட்டோரத்தில் தெரிந்தது. அந்தச் சமயத்தை நான் விடவில்லை.

“ஒரு ஜன்னல் வெச்சிடறேன் அத்த. பின்பக்கம், கூரைக்குக் கீழ. உள்ளங்கை அகலத்துல. மலை தெரியற மாதிரி. சாமியப் பாக்கணும்னு தோணற கோழி பாத்துக்கட்டும்.”

அவர் மலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “உள்ளங்கைன்னா என் உள்ளங்கை. உன்து ரொம்பக் கம்மி” என்றார்.

அவர் கையைப் பலகைமேல் வைக்கச் சொல்லிக் கரித்துண்டால் சுற்றி வரைந்து, ரம்பத்தால் சதுரமாக அறுத்து, வலையை இரட்டையாக மடித்து அடித்தேன். சாயந்தரம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் கூட்டுக்கு அடியில் இரண்டு சவுக்குக் கழியைக் குறுக்கே கொடுத்தேன். முன்னால் அவர், பின்னால் நானும் பக்கத்து வீட்டு அக்காவும். தோளில் தூக்கினால் உள்ளே கோழிகள் கூச்சல். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மெதுவா, மெதுவா” என்று மாமியார் வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தார். “சாமி பொறப்பாட்டுல கூட இவ்ளோ கத்தல் இல்ல.”

அரை வட்டம் திருப்பி இறக்கினோம். இறக்கி அரைமணி ஆகவில்லை, மலைக்குப் பின்னால் மறுபடி கறுத்தது. முந்தின நாளைவிட ஜாஸ்தி மழை. நாங்கள் எல்லோரும் சமையலறை வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் கூரையின் பின்பக்கம் மோதி, அந்த ஒரு சாண் விளிம்பைத் தாண்டிக் கீழே கொட்டியது. கதவுப் பக்கம் ஒரு துளி இல்லை. மழை விட்டதும் நான் ஓடிப்போய்த் தரையில் கை வைத்துச் சாம்பலை அள்ளினேன். பொடியாக உதிர்ந்தது. அந்தச் சாம்பலோடு கையை மேலே தூக்கிக் காட்டினேன். ‘ஹா’ என்று ஒரு சத்தமும் போட்டிருக்கிறேன். மருமகள் போடக்கூடிய சத்தமில்லை அது.

“இன்னா இது, சினிமா கொட்டாயா?” என்றார் மாமியார். செவ்வாய்க்கிழமை பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நாத்தனாருக்குப் பத்தியச் சாப்பாட்டுக்காக மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். கூட்டில் சேவல் ஒரு மாதிரி அடித்தொண்டையில் கொக்கரித்தது. திரும்பிப் பார்த்தால், கதவு இப்போது சமையலறையைப் பார்த்து இருந்ததால், எல்லாம் கண்ணுக்கு நேரே. கல் குவியலிலிருந்து கீரி இறங்கி வந்துகொண்டிருந்தது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இரு. நீ கட்டினதுதான? பாப்போம்.”

கீரி முதலில் கூட்டுக்கு அடியில் புகுந்து மோந்து பார்த்தது. தோண்டினால் மண்தான், கூடு மேலே. பின்பக்கம் போய்ச் சுவரில் தொற்றி ஜன்னலில் மூக்கை வைத்தது. இரட்டை வலை, மூக்கு நுழையவில்லை. பக்கப் பலகையைச் சுரண்டியது. முன்னால் வந்தது. பின்னங்காலில் நின்று கதவு வலையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கியது. டயர் கீல் அசைந்து கொடுத்தது, விடவில்லை. மறுபடி ஒரு சுற்று. மறுபடி இன்னொரு சுற்று.

“கிரிவலம் வருது பாரு” என்று மாமியார் கிசுகிசுத்தார்.

மூன்றாம் சுற்றில் அது மீண்டும் வலையில் முகத்தை வைத்தபோது புள்ளிக்கோழி உள்ளேயிருந்து சிலிர்த்துக்கொண்டு வந்து மூக்கிலேயே ஒரு கொத்து வைத்தது. கீரி கீச்சென்று கத்திக்கொண்டு குதித்து, வந்த வழியே ஓடிக் கல் குவியலில் மறைந்தது. நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். மாமியாரும் தட்டினார். பூண்டுத் தோல் எல்லாம் பறந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெருவில் சைக்கிள் மணி அடித்தது.

மாமியார் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போய்க் கதவு ஓரம் நின்றேன். பாய் சைக்கிளை நிறுத்தி, கூடையின் மூடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, போன வாரமே வரச் சொன்னீங்களே. நாலு கோழி, பொரிச்சா குஞ்சும்னு சொன்னீங்க. எடுத்தாங்க.”

“இல்ல பாய்” என்றார் மாமியார்.

“ஏம்மா? வேற யாருக்காச்சும் பேசிட்டீங்களா?”

“யாருக்கும் பேசல. வூடு இல்லாததுங்களத்தான உங்களுக்குக் குடுக்கறோம்னேன்? அதுங்களுக்கு வூடு ஆயிடுச்சி. எங்க வூட்டுப் பொண்ணு கட்டியிருக்குது. உள்ள வந்து பாத்துட்டுப் போங்க.”

பாய் செருப்பை விட்டுவிட்டுக் கொல்லைக்கு வந்தார். மாமியார்தான் எல்லாவற்றையும் காட்டினார், டயர் கீல், சவுக்குக் கால், கூரையின் விளிம்பு. ஜன்னலுக்கு வந்ததும், “இது சாமி பாக்க” என்று சொல்லித் தன் உள்ளங்கையை அதில் பொருத்திக் காட்டினார். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மருமகள் என்றுதான் அதுவரைக்கும் என்னை வெளியாட்களிடம் சொல்லுவார். பொண்ணு என்று சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டு உறுதி பண்ணிக்கொள்ளப் போகவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார், எனக்கு அவரைத் தெரியும்.

பாய் காலிக் கூடையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் அடுப்பங்கரைக்குத் திரும்பி, பொங்கி வழிந்திருந்த பாலைத் துடைத்தேன்.